யுஎஸ்பி டாக், லினக்ஸ், ஹை-ரெஸ் ஆடியோ: எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி டாக்கை (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவியை) செருகியதும் பெரும்பாலும் பாட்டு வந்துவிடும். டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. யுஎஸ்பி ஆடியோ இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2010 முதலே லினக்ஸின் மையமான கெர்னலில் இருக்கிறது. ஏமாறுவதும் இங்கேதான். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (இழப்பில்லாமல் சுருக்கிய) கோப்பைப் போட்டாலும் பாட்டு வரும், டிஎஸ்டி (ஒலியை ஒற்றை பிட் ஓட்டமாகப் பதியும் வகை) கோப்பைப் போட்டாலும் வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. டாக்கின் முகப்பில் மட்டும் 48 என்ற எண் அசையாமல் நிற்கும். நடுவில் இருக்கும் ஒலிச் சேவை எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். முடிவெடுக்க வேண்டியவை இரண்டு: பிளேயருக்கும் டாக்குக்கும் நடுவே பைப்வயர் (அந்த ஒலிச் சேவை) இருக்கட்டுமா, அல்லது பிளேயர் நேரடியாக ஆல்சாவில் (கெர்னலின் ஒலி அடுக்கில்) பேசட்டுமா? டிஎஸ்டி கோப்புகள் இருந்தால் அவற்றை டிஓபியாக (வழக்கமான டிஜிட்டல் ஒலி வடிவமான பிசிஎம்மின் வேடத்தில்) அனுப்புவதா, நேட்டிவாகவா (வேடமில்லாமல் அப்படியே), பிசிஎம்மாகவே மாற்றியா? டிஎஸ்டி கோப்பே இல்லாதவர்கள் இரண்டாம் கேள்வியை மறந்துவிடலாம்.

கட்டளைகள், கோப்புகள், அமைப்புகளின் பெயர்கள் இங்கே உச்சரிப்பில் உள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதலில் டாக் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி அமைப்புகளில் கை வைக்க வேண்டாம். லினக்ஸ் அந்த டாக்கை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு.

எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை -டி சேர்த்து ஓட்டினால் யுஎஸ்பி சாதனங்கள் மரம்போல விரியும். டாக் இருக்கும் வரியின் முடிவில் 480எம் என்று இருக்க வேண்டும். 12எம் என்று இருந்தால் அது பழைய முதல் பதிப்பு வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கு 1023 பைட்டுக்கு மேல் ஒரே ஓட்டத்தில் போகாது. ஸ்டீரியோ 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸுக்கு 576 பைட் போதும், தாராளமாக அடங்கும். 192 கிலோஹெர்ட்ஸுக்கு 1152 பைட் வேண்டும், அடங்காது. எந்த மென்பொருள் அமைப்பாலும் இதைத் தாண்ட முடியாது. சில டாக்குகளில் முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் மாற ஒரு சுவிட்சோ மெனுவோ இருக்கும்; அதைப் பாருங்கள். இல்லையென்றால் நடுவில் உள்ள பழைய ஹப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

அடுத்து ஏபிளே -எல். இதில் டாக்கின் கார்டு எண்ணும் குறும்பெயரும் கிடைக்கும். கார்டு எண் 1 என்றால், ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட், அதற்குள் கார்டு1, அதற்குள் ஸ்ட்ரீம்0 என்ற கோப்பைத் திறந்து படியுங்கள். இந்த ஒரு கோப்பைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிளேபேக் என்ற தலைப்பின் கீழ் ஆல்ட்செட் (டாக் தரும் மாற்று அமைப்பு) 1, 2, 3 என்று பகுதிகள் வரும். ஒவ்வொன்றிலும் ஃபார்மட் (எஸ்16_எல்இ, எஸ்32_எல்இ போல), சேனல் எண்ணிக்கை, ரேட்ஸ் (விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்கள்) வரிசை இருக்கும். ரேட்ஸ் வரியில் இல்லாத ரேட்டை அந்த டாக்கிடம் கேட்டுப் பயனில்லை. எண்ட்பாயிண்ட் வரியில் அசிங்க் என்று இருந்தால் நல்லது: கடிகாரம் டாக்கிடம் இருக்கிறது, கணினி அதன் வேகத்துக்கு ஏற்பத் தரவை அனுப்புகிறது. ஏதாவது ஓர் ஆல்ட்செட்டில் டிஎஸ்டி_யு32_பிஇ என்று தெரிந்தால் நேட்டிவ் டிஎஸ்டி தயாராக உள்ளது. ஸ்பெஷல் என்று மட்டும் தெரிந்தால், டாக்கிடம் வசதி இருக்கிறது, கெர்னலுக்கு அது தெரியவில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு கோப்பும் முக்கியம். அதே கார்டு1 அடைவில் பிசிஎம்0பி, அதற்குள் சப்0, அதற்குள் ஹெச்டபிள்யூ_பாராம்ஸ். பாட்டு ஓடும்போது இதைத் திறந்தால் டாக்குக்கு உண்மையில் போகும் ஃபார்மட்டும் ரேட்டும் தெரியும். ஓடாதபோது குளோஸ்டு என்று மட்டும் காட்டும். பிளேயர் தன் திரையில் 192 என்று காட்டுவதற்கு மதிப்பில்லை. அது கோப்பின் ரேட்டைச் சொல்கிறது, டாக்குக்குப் போவதை அல்ல.

பைப்வயர் வழி

மேசைக் கணினியில் பாட்டு, வீடியோ, அழைப்பு எல்லாம் ஒரே டாக்கில் கேட்பவர்களுக்கு இதுதான் சரியான வழி. குறை ஒன்றே: வந்தபடியே விட்டால் அது 48 கிலோஹெர்ட்ஸில் மட்டும் ஓடும். அனுமதிக்கப்பட்ட ரேட்டுகளின் பட்டியலில் 48000 ஒன்றுதான் இருக்கும்.

உங்கள் ஹோம் அடைவில் உள்ள .கான்ஃபிக், அதற்குள் பைப்வயர், அதற்குள் பைப்வயர்.கான்ஃப்.டி என்ற அடைவை உருவாக்கி, அதில் .கான்ஃப் என்று முடியும் ஒரு சிறு கோப்பை வையுங்கள். அதில் காண்டெக்ஸ்ட்.ப்ராப்பர்ட்டீஸ் தொகுதிக்குள் இந்த ஒரு வரி போதும்:

டீஃபால்ட்.கிளாக்.அலவ்டு-ரேட்ஸ் = [ 44100 48000 88200 96000 176400 192000 ]

டாக்கின் ரேட்ஸ் வரியில் 352800, 384000 இருந்தால் அவற்றையும் சேர்க்கலாம். பிறகு பைப்வயர், அதன் துணைச் சேவைகளான ஒயர்ப்ளம்பர், பைப்வயர்-பல்ஸ் மூன்றையும் சிஸ்டம்சிடிஎல் --யூசர் வழியாக மறுதொடக்கம் செய்யுங்கள். பிடபிள்யூ-டாப் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஒன்றைப் போட்டால், டாக்கின் வரியில் 96000 வர வேண்டும்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். டாக் சும்மா இருக்கும்போது மட்டுமே பைப்வயர் ரேட்டை மாற்றும். பிரவுசரின் ஏதோ ஒரு டேபில் வீடியோ 48 கிலோஹெர்ட்ஸில் ஒலியைத் திறந்து வைத்திருந்தால், அடுத்து போடும் 96 கிலோஹெர்ட்ஸ் ஆல்பமும் 48 ஆக மாறித்தான் வெளியே வரும். அந்த டேபை மூடி, பாட்டை நிறுத்திவிட்டு மீண்டும் போட்டால் சரியாகிவிடும். அவசரத்துக்கு பிடபிள்யூ-மெட்டாடேட்டா கருவியால் செட்டிங்ஸ் தொகுப்பில் கிளாக்.ஃபோர்ஸ்-ரேட் என்பதற்கு 96000 என்று கொடுத்துக் கட்டாயப்படுத்தலாம். 0 கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும்.

பைப்வயர் உள்ளே 32 பிட் ஃப்ளோட்டாக (மிதவைப் புள்ளி எண்ணாக) மாற்றுகிறதே, தரம் போய்விடாதா என்று பலர் கவலைப்படுகிறார்கள். போகாது. 32 பிட் ஃப்ளோட் எண்ணில் 24 பிட் துல்லியம் இருக்கிறது. ரேட் ஒத்துப்போய், வால்யூம் 100 சதவீதத்தில் இருந்து, வேறு ஒலி கலக்காமல் இருந்தால் 24 பிட் கோப்பு ஒரு பிட் மாறாமல் டாக்கை அடையும். வால்யூமைக் குறைத்தால் பிட்கள் மாறும்தான். ஆனால் 24 பிட் பாதையில் கொஞ்சம் வால்யூம் குறைப்பதால் காதுக்குத் தெரியும் நஷ்டம் எதுவும் இல்லை. பிசிஎம் கோப்புகளுக்காக மட்டும் பைப்வயரைத் தூக்கி எறிவது வீண் வேலை என்று உறுதியாகச் சொல்லலாம்.

ரேட் மாறாமல் இருப்பதே வசதி என்று நினைப்பவர்கள் மாற்றும் தரத்தையாவது கூட்டிக்கொள்ளலாம். ரீசாம்பிள்.குவாலிட்டி என்பது 0 முதல் 14 வரை போகும். வந்தபடியே இருப்பது 4. அதை 10 ஆக்கினால் பிராசஸர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். இதை ஸ்ட்ரீம்.ப்ராப்பர்ட்டீஸ் தொகுதியில், கிளையன்ட் கோப்பிலும் பைப்வயர்-பல்ஸ் கோப்பிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் பாதிச் செயலிகளுக்கு அது எட்டாது.

நேரடி ஆல்சா, எம்பிடி வழி

பாட்டுக்கென்றே ஒரு சிறு கணினி, அதில் திரைகூட இல்லை, போனிலிருந்து பாட்டைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம்: எம்பிடி (பின்னணியில் ஓடும் மியூசிக் பிளேயர்), நேரடி ஆல்சா. டிஓபியை நம்பகமாக அனுப்ப விரும்புபவர்களுக்கும் இதுதான் வழி. விலை என்னவென்றால், எம்பிடி பாடும் வரை வேறு எந்தச் செயலியும் அந்த டாக்கைத் தொட முடியாது. வால்யூமையும் ஆம்ப்ளிஃபயரில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எம்பிடி.கான்ஃப் கோப்பில் ஆடியோ_அவுட்புட் தொகுதியில் வைக்க வேண்டியவை: டைப் "ஆல்சா", நேம் ஏதாவது ஒன்று, டிவைஸ் "ஹெச்டபிள்யூ:கார்டு=குறும்பெயர்,டெவ்=0", மிக்ஸர்_டைப் "நன்", டிஎஸ்டிக்கு டிஓபி "யெஸ்". கார்டு எண்ணைப் போடாமல் குறும்பெயரைப் போடுவது அவசியம். இன்னொரு யுஎஸ்பி மைக்கைச் செருகிவிட்டு கணினியை மறுபடி இயக்கினால் நேற்றைய கார்டு 1 இன்று கார்டு 2 ஆகிவிடும். ஹெச்டபிள்யூ என்பதற்குப் பதில் பிளக்ஹெச்டபிள்யூ என்று எழுதிவிட்டால் ஆல்சா சத்தமில்லாமல் ரேட்டையும் ஃபார்மட்டையும் மாற்றும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி அமைப்புகளை அப்படியே ஒட்டுபவர்கள் சிக்குவது பெரும்பாலும் இதில்தான்.

எஸ்32_எல்இ மட்டும் ஏற்கும் டாக்கில் 16 பிட் கோப்பை ஏபிளேயால் நேரடியாக ஓட்டினால், சாம்பிள் ஃபார்மட் கிடைக்கவில்லை என்று பிழை வரும். இது கோளாறு அல்ல. எம்பிடி 16 பிட்டின் வாலில் பூஜ்ஜியங்களைச் சேர்த்து 32 ஆக்கி அனுப்பும். அதில் எந்த இழப்பும் இல்லை. ஆனால் டாக் ஏற்காத ரேட்டில் உள்ள கோப்பைக் கொடுத்தால் எம்பிடியும் பேசாமல் அருகில் உள்ள ரேட்டுக்கு மாற்றிவிடும். ஹெச்டபிள்யூ_பாராம்ஸ் கோப்பை ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

மேசைக் கணினியில் இந்த வழிக்கு வந்தவர்கள் முதலில் பார்க்கும் செய்தி, டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி. பைப்வயர் டாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒலி நின்று 5 விநாடி கழித்துப் பைப்வயர் தானாகவே கையை விடும், ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்காகக் காத்திருப்பது எரிச்சல். பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியைத் திறந்து, கான்ஃபிகரேஷன் பகுதியில் அந்த டாக்கின் ப்ரொஃபைலை ஆஃப் என்று வையுங்கள். ஒயர்ப்ளம்பர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், டெவ் அடைவில் உள்ள எஸ்என்டி கோப்புகள் மீது ஃபியூசர் -வி ஓட்டினால் செயலியின் பெயர் வந்துவிடும்.

எம்பிடி சிஸ்டம் சேவையாக ஓடினால் அது எம்பிடி என்ற தனிப் பயனராக ஓடும். அந்தப் பயனர் ஆடியோ குழுவில் இல்லாவிட்டால் டாக்கைத் திறக்க அனுமதி கிடைக்காது.

டிஎஸ்டி: டிஓபியா, நேட்டிவா, பிசிஎம்மா?

இங்கேதான் குழப்பம் அதிகம், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிஎஸ்டி64 என்பது ஒரு சேனலுக்கு விநாடிக்கு 28,22,400 ஒற்றை பிட்கள். டிஓபி இந்த ஓட்டத்தை 16 பிட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் 8 பிட் அடையாளம் ஒன்றை வைத்து, 24 பிட் பிசிஎம் போல வேடமிட்டு அனுப்புகிறது. அந்த அடையாளம் ஹெக்ஸ் எண்ணில் 05, எஃப்ஏ, 05, எஃப்ஏ என்று மாறி மாறி வரும். டாக் இந்த வரிசையைக் கண்டதும் தலையை வெட்டி எறிந்துவிட்டு மீதியை டிஎஸ்டியாக எடுத்துக்கொள்ளும். 28,22,400-ஐ 16-ஆல் வகுத்தால் 176.4 கிலோஹெர்ட்ஸ். நேட்டிவில் தலை எதுவும் இல்லை, 32 பிட்டும் டிஎஸ்டியே. எனவே ஆல்சா கணக்கில் ரேட் பாதியாகிவிடும்.

டிஎஸ்டி64: டிஓபிக்கு 176.4, நேட்டிவுக்கு 88.2
டிஎஸ்டி128: டிஓபிக்கு 352.8, நேட்டிவுக்கு 176.4
டிஎஸ்டி256: டிஓபிக்கு 705.6, நேட்டிவுக்கு 352.8
டிஎஸ்டி512: டிஓபிக்கு 1411.2, நேட்டிவுக்கு 705.6

எண்கள் எல்லாம் கிலோஹெர்ட்ஸ். டாக்கின் பிசிஎம் உச்சம் 192 என்றால் டிஓபியில் டிஎஸ்டி64 தாண்டாது. உச்சம் 384 என்றால் டிஎஸ்டி128 வரை. டிஎஸ்டி512-ஐ டிஓபியில் அனுப்பலாம் என்ற நினைப்பையே விட்டுவிடலாம். ஹெச்டபிள்யூ_பாராம்ஸில் 88200 என்று பார்த்துவிட்டு டிஎஸ்டி பாதியாகிவிட்டதோ என்று பதறுவதும் இந்தக் கணக்கு தெரியாததால்தான். ஃபார்மட் வரியில் டிஎஸ்டி_யு32_பிஇ என்று இருந்தால் எல்லாம் சரி.

டிஓபியின் பலம், கெர்னலுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டியதில்லை என்பது. கெர்னலுக்கு அது வெறும் 24 பிட் பிசிஎம். டாக்குக்கு டிஓபி தெரிந்தால் போதும். பலவீனம், வழியில் யாரும் அதைத் தொடக்கூடாது. வால்யூம் ஒரு புள்ளி குறைந்தாலும், ரீபிளேகெயின் (பாட்டுகளின் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி) வேலை செய்தாலும், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்தது எழுவது) இருந்தாலும் அடையாளம் சிதைந்துவிடும். பாட்டுக்குப் பதில் மெல்லிய சீறல் வரும். பைப்வயர் வழியே டிஓபி அனுப்பினாலும் ரேட் பொருந்தி, வால்யூம் முழுதாக இருக்கும் வரை போகும். நடுவே ஓர் அறிவிப்பு மணி அடித்தால் கதை முடிந்தது. டிஓபி என்றால் நேரடி ஆல்சாதான்.

நேட்டிவ் பார்க்க எளிமையாகத் தெரியும், ஆனால் லினக்ஸில் அதற்கு ஒரு முடிச்சு உண்டு. யுஎஸ்பி ஆடியோ இரண்டாம் பதிப்புத் தரநிலையில் டிஎஸ்டி என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. தயாரிப்பாளர்கள் ரா டேட்டா என்ற பொதுவான அடையாளத்தின் கீழ், ஓர் ஆல்ட்செட்டில் அதை வைக்கிறார்கள். உள்ளே இருப்பது டிஎஸ்டி என்பதைச் சாதனத்தின் அடையாள எண்ணை வைத்துத்தான் கெர்னல் தெரிந்துகொள்ளும். அதற்கான பட்டியல் எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ டிரைவருக்குள் இருக்கிறது. டாக் புதியது, கெர்னல் பழையது என்றால் ஸ்ட்ரீம்0-வில் ஸ்பெஷல் என்று மட்டும் நிற்கும். முதல் மருந்து, புதிய கெர்னல். அது முடியாவிட்டால், கெர்னல் 5.15 முதல் குவிர்க்_ஃபிளாக்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. எடிசி அடைவில் மாட்ப்ரோப்.டி-க்குள் ஒரு கோப்பில் இந்த வரியை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-யுஎஸ்பி-ஆடியோ குவிர்க்_ஃபிளாக்ஸ்=32768

32768 என்பது 15-ஆம் பிட். ரா டேட்டாவை டிஎஸ்டி_யு32_பிஇ என்று எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட யுஎஸ்பி ஒலிச் சாதனங்கள் இருந்தால் மதிப்புகளைக் காற்புள்ளியிட்டு வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இப்படிக் கையால் கொடுத்தால் அந்தச் சாதனத்துக்குக் கெர்னல் ஏற்கெனவே வைத்திருந்த திருத்தங்கள் விலகிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய டாக் திணறத் தொடங்கினால் இந்த வரியை எடுத்துவிடுங்கள். முதல் சோதனையில் ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை அடிமட்டத்தில் வையுங்கள், ஹெட்போனைக் காதில் மாட்டாதீர்கள். டிஓபி சிதைந்தால் மெல்லிய சீறல்தான். டிஎஸ்டி பிட்களை டாக் பிசிஎம் என்று நினைத்துவிட்டால் வருவது முழு வால்யூம் இரைச்சல். ட்வீட்டரும் காதும் அதைத் தாங்காது.

பைப்வயரும் நேட்டிவ் டிஎஸ்டியை அறியும். அதனுடன் வரும் பிடபிள்யூ-டிஎஸ்டிபிளே கருவி டிஎஸ்எஃப் (டிஎஸ்டி கோப்பு வகைகளில் ஒன்று) கோப்பை அப்படியே அனுப்பும். நேட்டிவ் வேலை செய்கிறதா என்று சோதிக்க அருமையான கருவி. அன்றாடம் ஆல்பம் கேட்க ஏற்றதல்ல.

மூன்றாவது வழியான பிசிஎம் மாற்றத்தைப் பலர் தோல்வியாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. டிஎஸ்டி64-இல் கேட்கும் எல்லைக்கு மேலே இரைச்சல் மலைபோல ஏறும்; அதை வடிகட்டி 88.2 அல்லது 176.4 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டாக்கினால் இசை அப்படியே இருக்கும், வால்யூமும் ஈக்வலைசரும் வேலை செய்யும், பைப்வயரும் தொந்தரவு தராது. பல டாக் சிப்களே டிஎஸ்டியை உள்ளே இப்படி மாற்றித்தான் வால்யூமைக் கையாளுகின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி மாற்றும் கருவியில் லோபாஸ் வடிகட்டி 24000, ரேட் 88200, சாம்பிள்_எஃப்எம்டி எஸ்32 என்று கொடுத்தால் 24 பிட் ஃபிளாக் கிடைக்கும்.

ஒப்பிடும்போது ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. டிஎஸ்டி இசையைத் தாங்கி வந்த எஸ்ஏசிடி வட்டின் 0 டெசிபெல் என்பது பிசிஎம்மின் உச்சத்தைவிட 6 டெசிபெல் கீழே. பிளேயர் இந்த 6-ஐச் சேர்க்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு வழி சத்தமாகவும் மற்றது அடங்கியும் கேட்கும். சத்தமாக இருப்பதே சிறந்தது என்று காது சொல்லிவிடும். அளவைச் சமன் செய்யாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். 6 டெசிபெல்லைக் கூட்டி மாற்றும்போதும் கவனம் வேண்டும்: எஸ்ஏசிடியில் உச்சம் +3.1 டெசிபெல் வரை போக அனுமதி உண்டு, அந்த இடங்களில் ஒலி வெட்டுப்படும்.

ஆகவே தேர்வு இப்படி அமையும். பிசிஎம் மட்டும் இருந்தால் பைப்வயர், ரேட் பட்டியலோடு. எப்போதாவது டிஎஸ்டி என்றால் அதே பைப்வயர், பிசிஎம்மாக மாற்றி. டிஎஸ்டி64, 128 நிறைய இருந்தால் எம்பிடி, டிஓபி. ஸ்ட்ரீம்0-வில் நேட்டிவ் ஏற்கெனவே தெரிந்தால் டிஓபி வரியை எடுத்துவிடலாம். டிஎஸ்டி256-உம் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே நேட்டிவுக்காகக் கெர்னலோடு மல்லுக்கட்டுவது பொருள் உள்ள வேலை. டாக் வாங்கும் முன்பே அதன் பெயரையும் லினக்ஸ் நேட்டிவ் டிஎஸ்டியையும் சேர்த்துத் தேடிப் பார்த்தால் அந்த மல்லுக்கட்டும் மிச்சம்.

எது தேர்ந்தாலும் வரும் தொல்லைகள்

பாட்டை நிறுத்தும்போது டப் என்ற சத்தம் வந்தால் அது டிஎஸ்டியின் குணம். பிசிஎம்மில் மௌனம் என்றால் பூஜ்ஜியம். டிஎஸ்டியில் எல்லா பிட்டும் பூஜ்ஜியம் என்றால் அலை அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டது என்று பொருள். உண்மையான மௌனத்துக்கு ஹெக்ஸ் 69 என்ற பிட் வரிசை ஓட வேண்டும். எம்பிடியில் ஸ்டாப்_டிஎஸ்டி_சைலன்ஸ் "யெஸ்" என்று வைத்தால், நிறுத்தும் முன் அந்த மௌனத்தை அனுப்பிவிட்டு நிறுத்தும். ஒருமுறை பிசிஎம் போட்ட பிறகு டிஎஸ்டி ஓட மறுக்கும் டாக்குகளும் உண்டு. அது தெசிகான் ரிசீவர் (டாக்கில் யுஎஸ்பி தரவை வாங்கும் பகுதி) சார்ந்த சிக்கலாக இருக்கலாம். அதற்கென்றே தெசிகான்_டிஎஸ்டி_ஒர்க்அரவுண்ட் என்ற அமைப்பை எம்பிடி வைத்திருக்கிறது.

அங்கங்கே ஒலி அறுந்தால் முதலில் கேபிள், ஹப். ராஸ்பெரி பை 4-க்கு முந்தைய பலகைகளில் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. நெட்வொர்க் வழியே வரும் டிஎஸ்டி256 அங்கே தடுக்கி விழலாம். டிமெசேஜ் என்ற கெர்னலின் செய்திப் பதிவில் யுஎஸ்பி ரீசெட் என்று வரிகள் தெரிந்தால் மின்சாரமோ கேபிளோதான், மென்பொருளில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஒவ்வொரு பாட்டின் முதல் விநாடியும் விழுங்கப்பட்டால், பைப்வயர் 5 விநாடியில் டாக்கைத் தூங்க வைக்கிறது, எழுந்திருக்க டாக்கின் ரிலேவுக்கு நேரம் பிடிக்கிறது. ஒயர்ப்ளம்பரில் அந்த டாக்குக்கான விதியில் செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்பதை 0 ஆக்கினால் தூங்காது. ஆனால் அதன் பிறகு டாக்கைத் தானாக விட்டுக்கொடுக்கவும் செய்யாது. எம்பிடி நேரடி ஆல்சாவையும் அதே டாக்கில் பயன்படுத்துபவர்கள் இதைத் தொடாமல், எம்பிடி கேட்கும் நேரத்தில் ப்ரொஃபைலை ஆஃப் செய்துகொள்வதே நல்லது.